மோட்டார் கொட்டகையும் மாடி அறையும்

எங்கள் பள்ளி கோயம்புத்தூருக்குக் கிழக்கே, அவினாசி சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு கிளைச் சாலையில் இருந்தது. அரசு மேல்நிலைப் பள்ளி. வளாகத்தின் மேற்குக் கோடியில் மாடிக் கட்டடம், அதன் மேல்தளத்தில் கணினி அறை. கிழக்குக் கோடியில், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. தொழிற்பிரிவு வகுப்பு அங்கே நடந்தது. இரண்டுக்கும் நடுவே மைதானம், கொடிமேடை, வேப்பமரங்கள், எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும் தண்ணீர்த் தொட்டி.

இயந்திரம் என்றால் என்ன என்பதைப் பற்றி அந்தப் பள்ளி எனக்குச் சொன்னதெல்லாம் இந்த இரண்டு இடங்களில் சொன்னதுதான். பாடப் புத்தகம் சொன்னது பாதி மறந்துவிட்டது. எதை யார் தொடலாம், எதை யார் பிரிக்கலாம், சாவி யாரிடம் இருக்கும் என்று அந்த வளாகம் சொன்னது மட்டும் மறக்கவில்லை.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்ததும் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். மார்க் அதிகம் என்றால் கணிதம், உயிரியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் அல்லது கம்ப்யூட்டர் குரூப். அதற்குக் கீழே என்றால் வணிகவியல். அதற்கும் கீழே என்றால் வொகேஷனல். 1978ல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அதனுடனேயே தொழிற்பிரிவும் வந்தது. படிப்போடு ஒரு தொழிலும் கையில் இருக்கட்டும் என்பது நல்ல யோசனை. ஆனால் நான் சேர்ந்த 2005ல் அது கடைசி வரிசைக்காரர்கள் போகும் இடமாகிவிட்டிருந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்தது. பெரியப்பா மகன் என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவர், முந்தைய ஆண்டே வொகேஷனலில் சேர்ந்திருந்தார். பெரியம்மா அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

கணினி அறைக்கு இரண்டு பூட்டு. வெளியே கம்பிக் கதவுக்கு ஒன்று, உள்ளே மரக் கதவுக்கு ஒன்று. செருப்பை வெளியே விட வேண்டும். மழை நாளில் காலைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஜன்னலுக்கு நீலத் திரை. ஒவ்வொரு கணினிக்கும் பிளாஸ்டிக் உறை, அதை எடுத்து மடித்து சிபியு மேல் வைப்பதற்கென்று ஒரு மாணவி. நாங்கள் நாற்பத்துச் சொச்சம் பேர், ஓடும் கணினிகள் ஏழோ எட்டோ. ஒன்றுக்கு ஐந்து பேர் உட்காருவோம். தட்டுபவர் ஒருவர், மற்றவர்கள் பார்ப்பவர்கள். தட்டுபவர் பெரும்பாலும் பையனாக இருப்பான்.

நிரலை முதலில் ரெக்கார்டு நோட்டில் எழுதி, சிவப்பு மையில் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கீபோர்டு. டர்போ சி பிளஸ் பிளஸின் நீலத் திரை திறக்கும். எழுதி வைத்ததை எழுத்துக்கு எழுத்து அடிப்போம். எங்கேயாவது அரைப்புள்ளி விட்டுப்போய் பிழைச் செய்தி வந்தால் கையை உயர்த்த வேண்டும். டீச்சர் வந்து குனிந்து பார்த்து அந்தப் புள்ளியை வைத்துவிட்டுப் போவார். திரையில் எந்த வரியில் பிழை என்று எழுதியிருக்கும், அதை வாசிக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. பிழை வந்தால் அது டீச்சருடைய வேலை. முதல் வரியில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்று எழுதுவோம். அந்த மொழிக்கு உலகத் தர வரையறை 1998ல் வந்து, அந்த 'டாட் ஹெச்' போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் அடித்துக்கொண்டிருந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த மென்பொருளில்.

பிளஸ் டூவில் இரண்டு புத்தகங்கள். ஒன்று ஸ்டார் ஆஃபீஸ், இன்னொன்று சி பிளஸ் பிளஸ். எங்கள் கணினிகளில் ஸ்டார் ஆஃபீஸ் போட்டிருக்கவில்லை. அதனால் புத்தகத்திலிருந்த படங்களைப் பார்த்தே படித்தோம். எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை, எந்தச் சாவியோடு எந்தச் சாவியை அழுத்தினால் எழுத்து தடிமனாகும், அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்ப்பது எப்படி என்று பார்க்காத ஊருக்கு வழி மனப்பாடம் செய்தோம். பொதுத் தேர்வில் 75 ஒரு மதிப்பெண் கேள்விகள், வட்டத்தைக் கருப்பாக்கும் தாள். பயிற்சி வினாக்களை எல்லாம் உருப்போட்டுவிட்டால் 75க்கு 75. எங்கள் வகுப்பில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியவர்கள் இருந்தார்கள்.

ஸ்டார் ஆஃபீஸ் ஜெர்மனியில் பிறந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை 1999ல் வாங்கி, அடுத்த ஆண்டே அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து விட்டது. ஓப்பன் ஆஃபீஸ் அப்படி வந்ததுதான். இந்த ஒரு சேதியை எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தப் புத்தகம் முழுக்கவே வேறாகியிருக்கும். ஒரு மென்பொருளை மனிதர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், எழுதியதைப் பிறருக்குக் காட்டவும் செய்கிறார்கள் என்பது பதினேழு வயதில் தெரிய வேண்டிய விஷயம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மெனுவின் பெயர்கள்.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒப்பந்தத்தில் வந்தவர். சம்பளம் குறைவு, அதுவும் மாதா மாதம் ஒழுங்காக வராது. மவுஸ் ஒன்று தொலைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். கணினி ஒன்று கெட்டால் சரிசெய்யும் ஆள் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் இரண்டு பூட்டுத்தான் போடுவார்கள். ஆனால் பூட்டு போட்டவருடைய பயம் பிள்ளைகளுக்குப் பாடமாக இறங்கிவிட்டது. கணினி சட்டென்று கெட்டுப்போகும், கெட்டால் நம்மால் ஆகாது, ஆகவே சொன்னதை மட்டும் செய் என்பதே அந்த அறையில் நாங்கள் படித்த முதல் பாடம்.

கிழக்குக் கோடிக் கொட்டகைக்குக் கதவு இருந்தது, பகலில் மூடிப் பார்த்ததில்லை. உள்ளே போனால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். நடுவில் இரண்டு பெரிய மேசைகள், ஓரத்தில் வைஸ் பொருத்திய பெஞ்சு, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட மர ஃபார்மர்கள், கம்பிச் சுருள்கள், லெதராய்டு பேப்பர், ஸ்லீவ், மூங்கில் ஆப்பு. மூலையில் வேலை முடிந்த மோட்டார்கள், இன்னொரு மூலையில் எரிந்து வந்தவை. ஊர்க்காரர்கள் தோட்டத்து மோட்டாரை டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஒரு முனை போனால் காயில் எரியும். வோல்டேஜ் தாழ்ந்தால் எரியும். ஆழ்குழாயில் தண்ணீர் இறங்க இறங்க எங்கள் பக்கம் மோட்டார் எரிவதற்குப் பஞ்சமில்லை. கம்பிக்கும் வார்னிஷுக்கும் ஆன காசை அவர்கள் கொடுத்துவிடுவார்கள். பையன்கள் படிப்பதற்கு நிஜ மோட்டார் கிடைக்கும்.

அங்கிருந்த ஆசிரியரை எல்லோரும் வைண்டிங் சார் என்றுதான் சொல்வோம். காக்கிச் சட்டை, காதில் பென்சில். பையன்கள் கையில் உளியைக் கொடுப்பதற்கு முன் நோட்டைக் கொடுப்பார். "பிரிக்கறது பெருசில்ல கண்ணு. பிரிக்கறதுக்கு மிந்தி எழுதி வெச்சுக்கோணும்" என்பார். எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, எந்த முனை எந்த முனையோடு சேர்கிறது என்று எழுதி, படமும் போட்ட பிறகுதான் பழைய கம்பியை வெட்டி எடுக்க விடுவார். எரிந்த காயிலைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றத் தொடங்குகிறவன் அவருக்கு ஆகாது. எங்கே எரிந்திருக்கிறது, ஏன் அங்கே எரிந்தது என்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். ஒரு பேஸ் காயில் மட்டும் நிறம் மாறாமல் இருந்து மற்ற இரண்டும் கருகியிருந்தால் ஒரு முனை இல்லாமல் ஓடியிருக்கிறது. எல்லாம் ஒரே சீராகக் கருகியிருந்தால் சுமை தாங்கவில்லை, அல்லது வோல்டேஜ் பற்றவில்லை. எரிந்ததை வைத்தே கதையைச் சொல்லிவிடுவார்கள் அந்தப் பையன்கள்.

பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவது வழக்கமில்லை. நான் உள்ளே போனதற்கு இயற்பியல் டீச்சர் காரணம். மும்முனை மின்னோட்டம் நடத்திக்கொண்டிருந்தார். மூன்று அலைகள், ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளி என்று கரும்பலகையில் வரைந்தார். மூன்று வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. எல்லோரும் நோட்டில் வரைந்துகொண்டோம். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "120 டிகிரின்னா எங்கிருந்து எது வரைக்கும் டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் ஒரு கணம் பலகையைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு, "வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்று முழு வகுப்பையும் மைதானத்தின் குறுக்கே நடத்திக் கூட்டிப்போனார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கிற மரியாதைக்கு அந்த நடையே காரணம். தனக்குத் தெரிந்த இடத்தை விட்டு, பிள்ளைகளுக்குப் புரியும் இடத்துக்கு அவர் போனார்.

கொட்டகையில் மேசைமேல் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் ஸ்டேட்டர் பாதி சுற்றிய நிலையில் இருந்தது. வைண்டிங் சார் தான் பேசாமல், பெரியப்பா மகனான என் அண்ணனைக் கூப்பிட்டு, "சொல்றா" என்றார். அண்ணன் எங்களைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்தே சொன்னார்:

"இதுல 36 ஸ்லாட்டுங்க டீச்சர். நாலு போல். அப்ப ஒரு போலுக்கு ஒம்பது. பேஸு மூணு, அதனால ஒரு போலுல பேஸுக்கு மூணு ஸ்லாட்டு. ரெண்டு போல் சேந்தா ஒரு சுத்து, 360 டிகிரி. அது 18 ஸ்லாட்டுக்கு வருது. அதுல மூணுல ஒரு பங்கு ஆறு. அதனால ஆர் ஒண்ணாம் ஸ்லாட்டுல ஆரம்பிச்சா, ஒய் ஏழுல ஆரம்பிக்கோணும், பி பதிமூணுல. நீங்க சொல்ற 120 இந்த ஆறு ஸ்லாட்டுதானுங்க."

விரலை ஒன்றாம் ஸ்லாட்டில் வைத்து, ஏழுக்கு நகர்த்தி, பதிமூன்றுக்கு நகர்த்தினார். எங்களில் பலர் குனிந்து எண்ணிப் பார்த்தோம். பாகை என்பது தாளில் வரையும் கோடு மட்டும் இல்லை, இரும்பில் வெட்டிய பள்ளங்களுக்கு இடையிலான தூரமாகவும் இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்று காயில்களிலும் மின்சாரம் ஒன்றன் பின் ஒன்றாக உச்சத்துக்குப் போகும்போது காந்தப் புலம் அந்தப் பள்ளங்களின் வழியே சுற்றி வருகிறது. எதுவும் அசையாமலே ஏதோ ஒன்று சுழல்கிறது. டெஸ்லாவின் மூளையில் உதித்த அந்தப் பெரிய யோசனையை என் பெரியப்பா மகன் ஆறு ஸ்லாட்டில் அளந்து காட்டினார்.

டீச்சர் அத்துடன் விடவில்லை. மோட்டார் தகட்டைக் காட்டி, "இதுல 1440னு போட்டிருக்கே, ஏன்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு 1440ம் 2880ம் பழகிய எண்கள், கடையில் மோட்டார் கேட்கும்போதே சொல்வது. ஏன் அந்த எண் என்று யாரும் யோசித்ததில்லை. ஒரு பையன் சொன்னான். நாலு போலுக்கு, நம் ஊர் 50 சைக்கிளில், புலம் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றும். ரோட்டார் அதைத் துரத்துகிறது. எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டாருக்குள் மின்சாரம் தூண்டப்படாது, இழுவை போய்விடும். அதனால் எப்போதும் கொஞ்சம் பின்னாலேயேதான் ஓடும். அந்தக் கொஞ்சம்தான் 60 சுற்று.

பெல் அடித்துவிட்டது. யாரும் நகரவில்லை. நடந்து திரும்பும்போது எங்கள் வகுப்பில் முதல் ரேங்க் எடுக்கும் பையன், "இவனுங்களுக்கு இவ்வளவு தெரியுமா?" என்றான். அவன் வியப்பு உண்மையானது. ஐந்து ஆண்டுகள் ஒரே பள்ளியில் இருந்தவர்களைப் பற்றி அவனுக்கு அப்படி ஒரு வியப்பு வரும்படி செய்தது அந்தப் பள்ளியின் மதிப்பெண் ஏணி. கையால் செய்வது படிப்பு வராதவர்களுக்கு, தலையால் செய்வது படிப்பவர்களுக்கு என்று பதினைந்து வயதில் எங்களைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இழப்புதான். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் கிடைக்கவில்லை. அண்ணனுக்குக் கணினி அறையின் வாசல்கூடக் கிடைக்கவில்லை, அவர்கள் பிரிவுக்கு அங்கே பீரியடே இல்லை.

இதை வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் கையால் எழுந்த ஊர். 1888ல் முதல் நூற்பாலை, 1932ல் பைக்காராவிலிருந்து மின்சாரம், அதன் பின்னாலேயே ஆலைகளும் கிணற்றுப் பம்புகளும் வரிசையாக வந்தன. வெளிநாட்டு மோட்டாரையும் பம்பையும் பிரித்துப் பார்த்து, அச்சு எடுத்து, உள்ளூர்ப் பட்டறையில் வார்த்து, ஓட்டிப் பார்த்துப் பழகியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள். ஜி.டி. நாயுடு பிறந்த கலங்கல் எங்கள் பக்கத்து ஊர் மாதிரிதான். பள்ளியில் அதிகம் படிக்காதவர். ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, ஓட்டுவதற்கு முன் அக்கக்காகப் பிரித்துப் போட்டுப் பூட்டியவர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். பிற்காலத்தில் தொழிற்கல்லூரி ஆரம்பித்தபோது, பல ஆண்டுப் படிப்பைக் குறைந்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அரசோடு வாதாடியவர்.

ஒன்பதாம் வகுப்பில் அவினாசி சாலையில் உள்ள அவருடைய கண்காட்சிக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். வரிசையில் நின்று பார்த்து, குறிப்பு எழுதிக்கொண்டோம். திங்கட்கிழமை அதைப் பற்றிக் கட்டுரை. அவர் செய்த பொருள்களின் பட்டியலை எல்லோரும் சரியாக எழுதியிருந்தோம். அவர் அதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதைப் பள்ளி எங்களிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தக் கிழக்குக் கொட்டகையைப் பற்றி அது வேறு மாதிரி நினைக்க வேண்டி வந்திருக்கும்.

எங்கள் பள்ளி மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 1984ல் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவரும் திட்டம் தொடங்கியபோது கொடுத்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்துப் பள்ளிகளில் இருந்த அதே பொறி. அதைப் போட்டதும் வேறொன்றும் வராது, பேசிக் மொழியில் ஒரு கட்டளைக்காகக் காத்திருக்கும். ஏதாவது எழுதினால்தான் ஏதாவது நடக்கும். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இங்கிலாந்தில் நிரல் எழுதி வளர்ந்தார்கள். பிறகு அங்கேயும் கணினிப் பாடம் கடிதம் தட்டச்சு செய்வதும் அட்டவணை போடுவதுமாகச் சுருங்கியது. கேம்பிரிட்ஜில் கணினி படிக்க வரும் பிள்ளைகளுக்கு முன்புபோல் கைப்பழக்கம் இல்லை என்று கண்ட ஈபன் அப்டனும் அவர் நண்பர்களும் கொண்டுவந்த மலிவான வெறும் கணினிப் பலகைதான் 2012ல் வெளிவந்த ராஸ்பெரி பை. அதே ஆண்டு ராயல் சொசைட்டி பள்ளிக் கணினிப் பாடத்தைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை கொடுத்தது. 2014ல் பாடத்திட்டத்தையே மாற்றினார்கள். தவறை ஒரு நாடு பார்த்துத் திருத்திக்கொண்ட கதை என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

சீமோர் பேப்பர்ட் என்ற கணிதக்காரர் 1967ல் சில நண்பர்களோடு சேர்ந்து குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கினார். தான் எழுதிய புத்தகத்தின் முன்னுரையில் அவர் பேசுவது கணினியைப் பற்றி அல்ல, தன் சிறுவயதில் விளையாடிய பற்சக்கரங்களைப் பற்றி. பின்னாளில் சமன்பாடுகள் மனதில் ஏறியது அந்தச் சக்கரங்களைக் கொண்டுதான் என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு ஆறு ஸ்லாட் ஞாபகம் வந்தது. அதே லோகோவை எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பில் வைத்திருந்தார்கள். என் மாமா மகள் 'எஃப்டி 100, ஆர்டி 90' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டு திண்ணையில் நடப்பாள். அதற்கு அர்த்தம் நூறு அடி நட, வலப்பக்கம் திரும்பு என்பதுதான். அவள் நடந்துகொண்டேதான் இருந்தாள். அதை நாலு தடவை செய்து பார், சதுரம் வரும் என்று சொல்ல ஆள் இல்லை.

2011ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. அதைப் பற்றி ஊரில் எத்தனையோ பேச்சு. படம் பார்க்கிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், விற்றுவிடுகிறார்கள் என்றார்கள். விற்றவர்கள் இருந்தார்கள், தெரியும். எனக்கு அடுத்த ஆண்டு சித்தி வீட்டில் நடந்ததுதான் கண்ணில் நிற்கிறது. சித்தி மகள் மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, தான் ஒருத்தி மட்டும் அதன் முன் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சாவி வாங்கவில்லை. ரெக்கார்டில் கையெழுத்து வாங்கவில்லை. ஒரு மாதத்துக்குள் எதையோ அழித்துவிட்டாள், திரை கருப்பாக நின்றுவிட்டது. சித்தப்பா திட்டித் தீர்த்தார். பக்கத்துத் தெருவில் மொபைல் கடை வைத்திருந்த பையனிடம் எடுத்துப்போனாள், அவன் இயங்குதளத்தைத் திரும்பப் போடுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த முறை அவளே போட்டுக்கொண்டாள். பிறகு தோழிகளுக்கும் போட்டுக் கொடுத்தாள். இரண்டு ஆண்டுகள் மாடி அறையில் நாங்கள் கற்காததை அந்தக் கட்டிலில் அவள் சில வாரங்களில் கற்றாள். கெட்டதைத் தன் கையால் சரிசெய்யலாம் என்று ஒரு பெண்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அதன் பின் அவளுக்கு எந்தப் பொறியும் அந்நியமில்லை. அந்தத் திட்டத்தில் செலவான ஒவ்வொரு ரூபாயும் தகும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

இப்போது பள்ளிக்குப் போனால் மாடி அறையில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. புதிய பாடப் புத்தகங்களில் பைத்தான் வந்துவிட்டது. நல்ல மாற்றம், மனம் நிறைந்து சொல்கிறேன். போன வருடம் பேச அழைத்திருந்தபோது பிழைச் செய்தியைப் பிள்ளைகள் தாங்களே சத்தமாக வாசிப்பதைக் கேட்டேன்.

கொட்டகைதான் பூட்டிக் கிடக்கிறது. வைண்டிங் சார் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. ஆசிரியர் இல்லை என்று மாணவர் சேர்க்கை நின்றது, மாணவர் இல்லை என்று பிரிவு நின்றது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். விலையில்லா சைக்கிள்கள் வரும் பருவத்தில் அதன் முன்னால்தான் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். ஹேண்டில்பார், சக்கரம், செயின் எல்லாம் தனித்தனியாக வரும். அதைப் பூட்டிக் கொடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சைக்கிளை ஓட்டப்போகிற பிள்ளைகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு ஸ்பேனரை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன? பதினோராம் வகுப்புப் பிள்ளை தன் சைக்கிளைத் தானே பூட்டிக்கொண்டால் இயற்பியலில் பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடும். தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான் விடப்போவதில்லை.

அண்ணன் இன்று சூலூர்ப் பக்கம் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். வைண்டிங் சார் போட்ட பழக்கம் அப்படியே இருக்கிறது. எழுபது, எண்பது நோட்டுகளில் மோட்டார்களின் கணக்கு. எந்தக் கம்பெனி, எந்த வருடத்து மாடல் என்று சொன்னால் பக்கத்தைப் புரட்டிச் சுற்றுக் கணக்கைச் சொல்லிவிடுவார். நான் நகரத்தில் ஒரு நிறுவனத்தில் சின்னச் சின்ன மைக்ரோகண்ட்ரோலர்களுக்கு நிரல் எழுதுகிறேன். கல்லூரி மூன்றாம் ஆண்டில்தான் ஒரு கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதன்முதலாகக் கையால் தொட்டுப் பார்த்தேன். அந்தத் தாமதம் என் வேலையில் இன்றும் சில இடங்களில் இடிக்கும்.

சில மாதங்களுக்கு முன் அண்ணன் போன் செய்தார். பிஎல்டிசி மின்விசிறிகள் கடைக்கு வர ஆரம்பித்திருந்தன. சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இவை முப்பதுக்குள் ஓடிவிடும். கரண்ட் பில்லைப் பார்த்து எல்லோரும் மாற்றுகிறார்கள். "அம்மிணி, இதைய பிரிச்சா உள்ள நம்ம மூணு பேஸ் காயில்தான் இருக்குது. காயில் நல்லாருக்குது. போர்டு போயிருச்சு. போர்டு மேல என்னமோ கோந்து ஊத்தி மூடி வெச்சிருக்காங்க. புது போர்டுக்குப் பாதி ஃபேன் காசு கேக்கறான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் எனக்குக் காயிலைக் காட்டினார், நான் அவருக்குச் சில்லைக் காட்டினேன். தோட்டத்து மோட்டாரில் மின்வாரியம் அனுப்பும் மூன்று முனைகள் செய்கிற வேலையை இங்கே ஒரு சின்னச் சில்லு செய்கிறது. எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்று நிரல் முடிவு செய்கிறது.

"இதுக்குள்ள நீ எழுதற மாதிரி எழுதி வெச்சிருக்காங்கில்ல? அதைய எடுத்துப் பாக்க முடியுமா?"

"முடியாதுங்ணா. படிக்க முடியாத மாதிரி பூட்டி வெச்சிருக்காங்க."

"அப்ப நாமளே எழுதிப் போடலாமில்ல?"

போடலாம் என்றேன். அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். ஓடும்போது இரண்டு காயில்களில் மின்சாரம் போக, சும்மா இருக்கும் மூன்றாவது காயிலில் திரும்பி எழும் மின்னழுத்தத்தைப் பார்த்து ரோட்டார் எங்கே இருக்கிறது என்று நிரல் தெரிந்துகொள்கிறது. நிற்கும்போது அந்த மின்னழுத்தமே இல்லை, அதனால் காந்தம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று தெரியாது. இப்போதைக்குக் கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் அருமையாக ஓடுகிறது, தானாகக் கிளம்ப மாட்டேன் என்கிறது. முதலில் இரண்டு காயில்களுக்கு மட்டும் மாற்றாமல் மின்சாரம் கொடுத்து ரோட்டாரை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி, அங்கிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். எத்தனை ஆம்பியர், எத்தனை மில்லி விநாடி என்று ஒவ்வொரு தடவையும் மாற்றிப் பார்த்து அண்ணன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். கடையில் வேலை பழகும் பையன்கள் இரண்டு பேரும் சுற்றி நின்றுகொண்டு, அடுத்த எண்ணை அவர்களே சொல்கிறார்கள். வரும் ஞாயிறு ஆசிலாஸ்கோப்பை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.